மின்மடலில் விளம்பரக் கட்டணம்

அச்சு நாளிதழில் விளம்பரம் செய்வோர் இடத்தின் நீள அகலத்திற்கேற்பக் கட்டணம் செலுத்துவர். மின்னஞ்சல் வழி வரும் செய்திமடலுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. திரையில் இடத்திற்குப் பஞ்சமில்லை. வாசகரின் கவனத்திற்குத்தான் பஞ்சம். ஆகவே, 'ஆயிரம் பேருக்கு இவ்வளவு' என்று ஆள்கணக்கில் விலை பேசுவதே பரவலான வழக்கம்.

ஈப்போவிலிருந்து வாரந்தோறும் நூல்களைப் பற்றி ஒரு மின்மடல் வெளிவருவதாகக் கொள்வோம். அதன் பட்டியலில் 4,000 முகவரிகள் உள்ளன. ஆயிரத்துக்கு 35 ரிங்கிட் என்றால், ஒரு விளம்பரத்திற்கு 140 ரிங்கிட் கிடைக்கும். கணக்கு எளிதுதான். ஆனால், 4,000 முகவரிகள் இருப்பதால் 4,000 பேர் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பழைய வேலையிடத்து முகவரிகள், மறந்துபோன கணக்குகள், மடலைத் திறக்காமலேயே நீக்குவோர் என எல்லாரும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்குவர்.

அப்படியானால் மடலைத் திறந்தவர்களை மட்டும் எண்ணலாமே? அதற்கும் வழியுண்டு. கண்ணுக்குப் புலப்படாத மிகச் சிறிய படமொன்று மடலுக்குள் வைக்கப்படும். அது பதிவிறக்கமாகும்போது 'திறக்கப்பட்டது' என்று கணக்கேறும். ஆனால், 2021ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் மின்னஞ்சல் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்துவோரின் மடல்களில் உள்ள படங்கள், அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே பதிவிறக்கப்படுகின்றன. வாசகருக்கு இது நன்மை, எண்ணுபவருக்கோ குழப்பம்.

அச்சிதழ்களும் இத்தகைய ஐயத்தைச் சந்தித்தவைதாம். விற்பனைப் படிகளைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் மலிந்திருந்ததால், 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் விளம்பரதாரர்களும் பதிப்பாளர்களும் இணைந்து, படிகளின் எண்ணிக்கையைத் தணிக்கை செய்யும் அமைப்பை நிறுவினர். சிறிய மின்மடலுக்கு அத்தகைய தணிக்கையாளர் எவரும் இல்லை. ஆசிரியர் சொல்வதுதான் எண்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். அந்த 4,000 முகவரிகளில் 900 முகவரிகளிலிருந்து ஓராண்டாக எந்த அசைவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவற்றை நீக்கினால் கட்டணம் 108 ரிங்கிட் 50 காசாகக் குறையும்; இதழுக்கு 31 ரிங்கிட் 50 காசு இழப்பு. நீக்காவிட்டாலோ, செத்த முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்பப்படும் மடலை மின்னஞ்சல் சேவைகள் குப்பை அஞ்சலாகக் கருதத் தொடங்கலாம். அதனால் படிக்க விரும்பும் வாசகருக்கும் மடல் சேராமல் போகக்கூடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் விலை எல்லாருக்கும் ஒன்றுபோல் கட்டுப்படியாகாது. ஒரு புத்தகக் கடையின் விளம்பரத்தை 30 பேர் சொடுக்கி, நால்வர் நூல் வாங்குகிறார்கள். நூலுக்கு 15 ரிங்கிட் இலாபம் என்றாலும் கைக்கு வருவது 60 ரிங்கிட்தான். 108 ரிங்கிட் கொடுத்தவர் மறுமுறை வருவாரா? அதே விளம்பரத்தால் ஒரு டியூஷன் நிலையத்தில் ஒரே மாணவர் சேர்ந்தாலும் போதும். மாதக் கட்டணம் 100 ரிங்கிட் எனில், விளம்பரச் செலவு இரண்டாம் மாதத்திலேயே மீண்டுவிடும்.

ஆகவே, புத்தகக் கடையுடன் வேறு உடன்பாடு செய்துகொள்ளலாம். விற்கும் ஒவ்வொரு நூலுக்கும் 5 ரிங்கிட் என்றால், ஆசிரியருக்குக் கிடைப்பது 20 ரிங்கிட்தான். தொகை சிறியதே. விளம்பரம் எடுபடாவிட்டால் இழப்பும் ஆசிரியருடையதே. எனினும், கடைக்காரர் அடுத்த மாதமும் வருவார்.

தள்ளுபடி கேட்போருக்கு விலையைக் குறைப்பதைவிட, மூன்று இதழ்களுக்குப் பணம் கட்டினால் நான்காவது இதழில் இலவச இடம் தருவது மேல். ஒருவருக்குக் குறைத்த விலை விரைவில் மற்றவர் காதுக்கும் எட்டிவிடும். கட்டண அட்டையில் 3,100 என்று குறிப்பிடும்போது, அது எந்த நாளில் எடுத்த கணக்கு என்பதையும் அருகிலேயே எழுதிவிடலாம். விளம்பரதாரர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.