மரத்துக்குச் சாயம் ஏற்றும் வேதியியல்

எங்கள் வீட்டில் புத்தகத்துக்கென்று இருக்கும் முதல் அலமாரியைப் பழைய பெட்டிப் பலகைகளைக் கொண்டு நானே செய்தேன். சாயமும் வீட்டிலேயே தயாரானது. அதன் வேதியியல் நாம் வகுப்பில் படிப்பதுதான்.

இரும்பு ஆணிகளை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்தால் இரும்பு அசிட்டேட் உண்டாகிறது. ஹைட்ரஜன் வாயு வெளியேறுமாதலால் பாத்திரத்தை இறுக மூடலாகாது. அருகில் நெருப்பும் கூடாது. தேயிலையில் டானின் உண்டு. முதலில் கெட்டியான தேயிலை நீரைப் பலகையில் பூசி உலரவிட்டு, அதன்மேல் வடிகட்டிய இரும்புக் கரைசலைப் பூசினால், இரண்டும் வினைபுரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு கருஞ்சாம்பல் நிறம் தோன்றுகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து முன்னோர் மை தயாரித்த முறையும் இதுவே. கருவேல மரத்தில் இயல்பாகவே டானின் மிகுதி. அதற்குத் தேயிலை நீர் வேண்டுவதில்லை.

முதல் முயற்சியில் நான் தோற்றேன். பசை வழிந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாக நின்றன. பலகையின் வெட்டுமுனைகளோ மிகக் கறுத்தன. பசை, மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. வெட்டுமுனையில் துளைகள் திறந்திருப்பதால் அது சாயத்தை அதிகம் உறிஞ்சுகிறது. எல்லாவற்றையும் சுரண்டியெடுக்க இரண்டு நாட்கள் ஆயின.

மறுமுறை பசையை முழுவதும் நீக்கி, 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் இழையோட்டத்தின் வழியே தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினேன். சிலிர்த்தெழுந்த நார்களை மீண்டும் தேய்த்தேன். வெட்டுமுனைகளைக் கூடுதலாக மெருகேற்றினேன். துண்டுப் பலகையில் சோதித்தபிறகே சாயம் பூசினேன். நன்கு உலர்ந்தபின், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மேற்பூச்சாக இட்டேன். நிறம் சீராக அமைந்தது.

சாயம் குறைகளை மறைப்பதில்லை, எடுத்துக்காட்டுகிறது. ஆகவே வேலையின் பெரும்பகுதி, சாயத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.