முதலில் தெருவைப் பழகுங்கள்: டோக்கியோ வாழ்க்கை கற்றுத்தந்தவை

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மொழியைப் பற்றி. அடுத்தது சம்பளத்தைப் பற்றி. இரண்டும் முக்கியம்தான். ஆனால் டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எடோகாவா வார்டில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: குடியிருக்கும் தெரு பழகிய பிறகுதான் நாடு பழகும். எந்தக் கிழமை எந்தக் குப்பை, பக்கத்து வீட்டில் யார், காய்ச்சல் வந்தால் எந்த கிளினிக், பூமி அதிர்ந்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்ற நான்கு கேள்விகளுக்கும் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தபோதுதான் இந்த ஊரில் எனக்குக் கால் ஊன்றியது. அந்த நாள் உங்களுக்குச் சீக்கிரம் வரட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டி கட்டும்போது

மிக்ஸியையும் வெட் கிரைண்டரையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் வீட்டில் 230 வோல்ட்; ஜப்பானில் 100 வோல்ட்தான். நம்மூர் மோட்டார் இங்கே திணறும், மாவு அரைபடாது. வோல்டேஜை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வாங்கி ஓட்டுகிறவர்களும் உண்டு; அதன் எடையும் விலையும் பார்த்தால் இங்கேயே ஒரு பிளெண்டர் வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. இரண்டு தட்டைக் கால் உள்ள பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

மாத்திரைகளில் கவனம் வேண்டும். மருத்துவர் சீட்டோடு ஒரு மாதத்துக்கு உரிய அளவு வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நம்மூரில் சளிக்குச் சாதாரணமாகப் போடும் சில மருந்துகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்தைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுவரவே கூடாது. புறப்படும் முன் மருந்து அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அதேபோல பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. பருப்பு, புளி, பெருங்காயத்துக்குக் கவலை வேண்டாம். எங்கள் வார்டின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள்; மளிகைக் கடைகளும் இருக்கின்றன.

முதல் பதினான்கு நாட்கள்

நரிதா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே ரெசிடென்ஸ் கார்டு கையில் கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கார்டின் பின்பக்கத்தில் முகவரியை எழுதித் தருவார்கள். வங்கிக் கணக்கு, போன் இணைப்பு, மைநம்பர் என்ற 12 இலக்க எண் எல்லாமே அந்த ஒரு வரியைத் தொட்டுத்தான் நகரும். அலுவலகம் சேர்த்துவிடாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் அதே நாளில் முடித்துவிடுவது நல்லது. கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் அது சட்டைப்பையில் இருக்கட்டும்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது பெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். இங்கே குடும்பப்பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். கிளினிக்கில் என் முறை வரும்போது அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பல படிவங்களில் பெயரைக் கத்தகானா எழுத்திலும் கேட்பார்கள். ர, ல, ள, ழ நான்கும் அதில் ஒரே எழுத்துவரிசைக்குள் அடங்கிவிடும். உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி, வங்கி, காப்பீடு, போன், அலுவலகம் எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஒரு புள்ளி மாறினால்கூட சம்பளம் கணக்கில் ஏறாமல் நிற்கும்.

வீடு தேடும்போது

மாத வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். முன்பணமான ஷிகிகின், திரும்பி வராத ரெய்கின், தரகர் கட்டணம், உத்தரவாத நிறுவனத்துக்கான தொகை, தீ விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்ந்து சாவி வாங்கும் நாளில் நாலைந்து மாத வாடகை கையை விட்டுப் போகலாம். வெளிநாட்டவர் என்றதும் தயங்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. யூஆர் எனப்படும் அரசு சார்ந்த குடியிருப்புகளில் ரெய்கின் கிடையாது, தரகுக் கட்டணம் கிடையாது, ஜாமீன்காரரும் தேவையில்லை. வருமான நிபந்தனை மட்டும் உண்டு. நிஷி-கசாயில் இந்தியர்கள் திரண்டதற்கு இந்தக் குடியிருப்புகளும் ஒரு காரணம்.

எந்த வீடாக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்ற கட்டடமா? நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டட விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. குடிபுகும் நாளில் பல வீடுகளில் விளக்கு இருக்காது, அடுப்பும் இருக்காது. காஸ் இணைப்பைத் திறக்க நிறுவனத்து ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தை முன்பே பதிவுசெய்யாவிட்டால் முதல் இரவு வெந்நீர் கிடையாது.

குப்பையும் அக்கம்பக்கமும்

எங்கள் தெருவில் எரியக்கூடிய குப்பை வாரம் இருமுறை. காகிதம், பாட்டில், டப்பா போன்ற மறுசுழற்சிப் பொருட்கள் வாரம் ஒருமுறை. எரியாத குப்பை மாதம் இருமுறை. காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். கிழமைகள் பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால், வார்டு அலுவலகத்தில் உங்கள் தெருவுக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பெட் பாட்டில் என்றால் மூடியைத் திருகி எடுத்து, லேபிளை உரித்து, உள்ளே அலசி, மிதித்து நசுக்கி வைப்பார்கள். சோபா, மெத்தை போன்ற பெரிய பொருளை அப்படியே தெருவில் வைக்க முடியாது. முன்பதிவு செய்து, அதற்கான ஸ்டிக்கரைக் கடையில் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. காக்கைகள் பையைக் கிழிக்காமல் இருக்க மூட்டைகள் மேல் பச்சை வலை போர்த்துவார்கள். வலையை மேலே போட்டால் போதாது என்று காட்டினார். ஓரங்களைப் பையின் அடியில் செருகி, மூலையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பாரமாக வைத்தார். மறுவாரம் நான் அதேபோல் செய்ததை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு வணக்கம் சொல்லும் முகங்கள் கூடின. குப்பையை ஒழுங்காக வைப்பவர் நல்ல குடித்தனக்காரர் என்பது இங்கே எழுதாத நற்சான்றிதழ்.

குடிபோன வாரத்திலேயே இரண்டு பக்கத்து வீடுகளுக்கும், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரு துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொடுத்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பழைய வழக்கம்தான், நகரத்தில் குறைந்தும் வருகிறது. ஆனாலும் புதிதாக வந்த வெளிநாட்டுக் குடும்பம் அதைச் செய்தால் மனதில் நிற்கும். குழந்தை ஓடும் சத்தம் கீழே கேட்கும், தாளிக்கும் வாசனை பக்கத்தில் போகும் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பின்னால் புகார் வருவது குறையும். இரவு பத்து மணிக்கு மேல் வாஷிங் மெஷின் போடாமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

உடம்புக்கு முடியாமல் போனால்

காய்ச்சல் என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும் நம் பழக்கம் இங்கே செலவு வைக்கும். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் குறிப்பிட்ட பெரிய மருத்துவமனைகளுக்கு முதல்முறை போனால் 7,000 யென்னுக்குக் குறையாமல் கூடுதலாகக் கட்ட வேண்டும்; அதைக் காப்பீடு ஏற்காது. தெருவுக்குள் இருக்கும் சின்ன கிளினிக்குக்கு முதலில் போங்கள். காப்பீடு இருந்தால் பெரியவர்கள் கட்டவேண்டியது பொதுவாக 30 சதவீதம். டோக்கியோவின் 23 வார்டுகளில் பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்குத் தனி உதவித் திட்டம் இருக்கிறது. அது தானாக வராது, வார்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து புதிய காப்பீட்டு அட்டை தருவதை நிறுத்தி, மைநம்பர் கார்டையே காப்பீட்டு அட்டையாகப் பயன்படுத்தும் முறைக்கு மாறிவிட்டார்கள். ஆகவே அந்தக் கார்டுக்கு வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. போலீசுக்கு 110. இரண்டு எண்களோடு உங்கள் வீட்டு முகவரியையும் ஜப்பானிய மொழியில் எழுதி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் முகவரி வாயில் வராது.

பூமி அதிரும், வெள்ளமும் வரும்

தினமும் சாயங்காலம் எங்கள் பகுதி ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிசை ஒலிக்கும். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்று சொல்வதோடு, பேரிடர் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சரிபார்க்கும் வழியும் அதுதான். இந்த ஊர் ஆயத்தத்தை அன்றாடத்துக்குள் வைத்திருக்கும் விதம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்த பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக, அந்தத் தேதியையே பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். உங்கள் பகுதியில் பயிற்சி நடந்தால் வீட்டில் உட்கார்ந்திராமல் பிள்ளைகளோடு போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். படுக்கைக்கு மேல் கனமான பொருள் வேண்டாம். குடிநீர், டார்ச், பவர் பேங்க், மருந்து, ரொக்கம், பாஸ்போர்ட் நகல், தடிமனான செருப்பு எல்லாம் ஒரு பையில் வாசலருகே இருக்கட்டும். பலத்த அதிர்வுக்குப் பிறகு காஸ் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மீட்டர் தானாக நிறுத்தியிருக்கும். கசிவு வாடை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்திச் சில நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும்.

எங்கள் வார்டின் நிலத்தில் சுமார் எழுபது சதவீதம் கடல் ஏற்றத்தின்போதான நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் வார்டு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டை, பெருவெள்ள எச்சரிக்கை வந்தால் இங்கே தங்காமல் வெளியேறச் சொன்னது. தன் மக்களிடம் இவ்வளவு நேராகப் பேசும் நிர்வாகத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் குடியேறும் ஊருக்கும் இப்படி ஒரு வரைபடம் இருக்கும். அதை வாங்கி, உங்கள் வீட்டுக்கான புகலிடம் எந்தப் பள்ளி என்று பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே நடந்து போய்ப் பாருங்கள்.

இரண்டாம் வருடத்துக் கணக்கு

முதல் வருடம் சம்பளத்தில் நிறையக் கைக்கு வருவதுபோல் இருக்கும். குடியிருப்பு வரி முந்தைய வருட வருமானத்தின் மேல் கணக்கிடப்படுவதால், அது அடுத்த ஆண்டு ஜூனில்தான் தொடங்கும். வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம். அதை மனதில் வைத்து முதல் வருடத்திலேயே சேமியுங்கள். ஜனவரி 1 அன்று இங்கே குடியிருந்தால், வருட நடுவில் ஊர் திரும்பினாலும் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். இந்திய நிறுவனம் ஒன்று உங்களைத் தற்காலிகமாக அனுப்பியிருந்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி இரண்டு நாட்டிலும் ஓய்வூதியச் சந்தா கட்டுவதைத் தவிர்க்கலாம்.

மொழியும் சாப்பாடும்

ஹிரகானா, கத்தகானா இரண்டையும் ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள். ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். தமிழில் யோசிக்கிற வரிசையிலேயே சொற்களை அடுக்கலாம் என்பது நமக்குப் பெரிய சலுகை. ஆங்கிலம் வழியாகப் போய்ச் சுற்றாதீர்கள். வார்டுகளில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள் குறைந்த செலவில் கிடைக்கும். மொழியோடு அங்கே நண்பர்களும் கிடைப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி இல்லை என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. தாஷி என்ற சாறு பெரும்பாலும் மீனில் எடுப்பது. காய்கறிக் குழம்பிலும் அது இருக்கும். மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சிறு அட்டையை வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

நான் சொன்னவை எல்லாம் சட்டப் புத்தகத்தில் தேடிக் கிடைத்தவை அல்ல. பாதியை வார்டு அலுவலக ஊழியர்களும் பக்கத்து வீட்டாரும், மீதியை எனக்கு முன்னால் வந்த தமிழர்களும் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தந்தார்கள். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் அடுத்து ஒரு புதுக் குடும்பம் இறங்கும்போது, அவர்களோடு ஒரு நாள் வார்டு அலுவலகம் வரை நடந்து போங்கள். அந்த அரை நாள் அவர்களுடைய முதல் வருடத்தையே இலகுவாக்கும்.