பித்தப்பைக் கல் வலி: வீட்டில் நாம் செய்ய வேண்டிய பணிவிடை

வணிகர்களாகிய நாம் வேளைக்குச் சாப்பிடுவது அபூர்வம். இரவில் வயிறு வலித்தால் வாயு என்று ஒரு சோடா குடித்துவிட்டு, காலையில் வழக்கம்போல் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த வலி பித்தப்பைக் கல்லாலும் வரலாம்.

கல்லீரலுக்கு அடியில் உள்ள சிறு பைதான் பித்தப்பை. கொழுப்பு செரிக்க உதவும் பித்தநீர் அதில் சேர்ந்திருக்கும். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் பை சுருங்கும். அப்போது கல் வந்து வாயை அடைத்தால் வலி எடுக்கும். மேல்வயிற்றிலோ வலது விலாவின் கீழோ தொடங்கி, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவும். அரைமணி முதல் சில மணி நேரம்வரை நீடிக்கும்.

வலி கண்டவரைக் கவனிக்கும் முறை:

1. மருத்துவர் பார்க்கும்வரை உணவு, பால், கஷாயம் எதுவும் கொடுக்கக் கூடாது. ஸ்கேன் எடுப்பதற்கும் வெறும் வயிறு வேண்டும்.

2. அவருக்கு வசதியான நிலையில் படுக்க விடவும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்.

3. வலி தொடங்கிய நேரம், வாந்தி எத்தனை முறை, காய்ச்சல் அளவு, சிறுநீரின் நிறம் ஆகியவற்றைப் பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல் குறித்து மருத்துவரிடம் காட்டவும்.

4. சர்க்கரை நோயாளியானால், பட்டினியாக இருக்கும்போது மாத்திரை, இன்சுலின் பற்றி மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவும்.

குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் விடாத வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்காது. தொல்லை தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. வலி திரும்பத் திரும்ப வந்தால், வயிற்றில் சிறு துளையிட்டுப் பித்தப்பையை எடுத்துவிடுவார்கள். அது இல்லாமலும் உணவு செரிக்கும்.

அறுவைக்குப் பின் சில நாள் தோள் வலிக்கலாம்; வயிற்றில் செலுத்திய வாயுவே காரணம். மெல்ல நடக்க வைத்தால் குறையும். மருத்துவர் அனுமதிக்கும்வரை மூட்டை தூக்கக் கூடாது. காய்ச்சலோ மஞ்சளோ கண்டாலும், வலி கூடினாலும் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும்.

தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று வலியைத் தள்ளிப்போட்டால், முதலுக்கே மோசமாகிவிடும்.