வறள்காற்றும் வெடித்த கைகளும்

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் தர மாணவி ஒருத்தி திருத்துவதற்காகத் தன் விஞ்ஞானக் கொப்பியை நீட்டினாள். பக்கத்தின் ஓரத்தில் சிறு செம்புள்ளிகள் இருந்தன. சிவப்புப் பேனையின் மை என்றே முதலில் நினைத்தேன். கையைக் காட்டச் சொன்னேன், அவள் பின்னால் மறைத்துக்கொண்டாள். விரல் மொளிகள் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. “உம்மா தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்ச்சு விட்டாங்க டீச்சர். எரிஞ்சா சுகமாகுதுன்னு அர்த்தமாம்” என்றாள்.

அந்த உம்மாவின் அன்பில் குறையில்லை. நானும் சிறு வயதில் அதே தேசிக்காய்ப் பாதியைக் குதிக்காலில் தேய்த்துவிட்டு, இரவெல்லாம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதவள்தான். ஆனால் எரிவது சுகமாவதன் அடையாளம் அல்ல. இதை மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கவேண்டும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரின் காற்றைப் பார்ப்போம். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1400 மீற்றர் உயரத்தில், மலை முகட்டில் அமைந்திருக்கிறது. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. பிறகு அது மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கமாக இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும். சூடேறச் சூடேற அதன் ஈரப்பதன் குறையும். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் அந்த மாதங்களில் மஞ்சளாகி, சில வேளை தீப்பிடிப்பதற்கும் இதுவே காரணம். முகட்டில் மூடுபனி வந்து போனாலும் காற்று நின்றபாடில்லை. குளிர்ந்த காற்றுத் தன்னுள் கொள்ளும் நீராவியும் சொற்பம். அது எங்கள் உடம்புச் சூட்டில் பட்டதும், குறைந்ததை நிரப்பிக்கொள்ளத் தோலிலிருந்து நீரை எடுத்துக்கொள்கிறது.

இதே காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்து, வறட்சியின் நெருக்கடியில் ஒரு தனி மணத்தை உண்டாக்குகிறது. நோவுக்குப் பூசும் தைலத்தின் மணத்தை ஒத்தது அது. இரண்டிலும் மெதைல் சலிசிலேற்று என்ற ஒரே பொருள் இருக்கிறது. அதற்காக வெடித்த கையில் அந்தத் தைலத்தைப் பூசிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பிள்ளைகள் அதைச் செய்துவிட்டு வகுப்பில் கையை உதறிக்கொண்டு இருப்பார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பிக் காற்றடித்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பல மணித்தியாலம் காற்றுப்பட்ட இலை துவண்டு, நீரை இழந்து கிடக்கும். தோலுக்கும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. மேற்றோலின் வெளிப்படை இறந்த கலங்களால் ஆனது. அந்தக் கலங்களைச் செங்கற்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சாந்து கரைந்தால் உள்ளே உள்ள நீர் வெளியேறும். வெளிப்படையின் நீர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக்கும் கீழே போனால் தோல் வெண்மையாகச் செதில் விட்டு, பிறகு வெடிக்கும்.

ஆகவே வறண்ட தோலுக்கு உரிய மருந்தில் இரண்டு வேலைகள் உண்டு. நீர் சேரவேண்டும், சேர்ந்த நீர் தங்கவேண்டும். எண்ணெய் நீர் தருவதில்லை, இருக்கும் நீரைப் போகவிடாமல் மூடிக் காக்கிறது. காய்ந்த தோலில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் மினுமினுப்புத்தான் மிஞ்சும். ஈரத் தோலில் நாலு துளி போதும். வீட்டு வைத்தியங்களில் பாதி பலிக்காமல் போவது பொருளின் குற்றத்தால் அல்ல, பூசும் நேரத்தின் குற்றத்தால்.

நேரம் என்று வரும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாளுக்கு ஐந்து முறை வுழூச் செய்கிறோம். குளிர்ந்த நீரில் அடிக்கடி கழுவுவதால்தான் கை கால் வெடிக்கிறது என்று சிலர் முறையிடுவதுண்டு. கழுவிவிட்டுக் காற்றில் காயவிடுவதே வெடிக்க வைக்கிறது. வுழூச் செய்தபின் துவாயை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். சுபஹிலும் இஷாவிலும் செய்தாலே ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும். வுழூவுக்குப் பிறகு பூசுவதால், நீர் தோலில் படுமா என்ற ஐயமும் அந்த நேரத்தில் எழாது. வஸ்லின் போன்ற தடித்த பூச்சை மாத்திரம் இஷாவுக்குப் பின், படுக்கப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். சுபஹுக்கு முன் அதைத் துடைத்துக் கழுவிவிடலாம்.

தேங்காயெண்ணெயை நான் பரிந்துரைப்பது பழக்கத்தினால் மட்டுமல்ல. 2004 இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தேங்காயெண்ணெயும் மற்றவர்களுக்குக் கனிய எண்ணெயும் இரண்டு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவு பயன் தந்தன. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ அரைவாசி லோரிக் அமிலம். அது சில பற்றீரியாக்களையும் அடக்கும். ஸைத்தூன் எண்ணெயைப் பற்றிப் பல பெற்றோர் கேட்கிறார்கள். உணவுக்கு அது மிக நல்லது. ஆனால் அதிலுள்ள ஒலெயிக் அமிலம் ஏற்கெனவே பலவீனமான தோலின் கொழுப்புச் சாந்தைக் குலைக்கக்கூடும். எனவே வறட்சி அதிகமுள்ள தோலிலும் கைக்குழந்தையின் உடம்பிலும் நாள்தோறும் தேய்ப்பதற்குத் தேங்காயெண்ணெயே மேல்.

அடுத்து சவர்க்காரம். எங்கள் தோலின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5. சாதாரணச் சவர்க்காரத்தினது 9 அல்லது 10. உடுப்புத் துவைக்கும் கட்டியிலேயே கை கழுவும் வீடுகளும் உண்டு. அதை நிறுத்தினாலே பாதி சுகம். குளிக்கும்போது அக்குளுக்கும் பாதத்துக்கும் சவர்க்காரம் போதும். கை கால்களுக்குப் பயற்றமாவைத் தண்ணீரிலோ தேங்காய்ப்பாலிலோ குழைத்துப் பூசிக் கழுவலாம், காயவிட்டு உரிக்கக்கூடாது. குளிர் நாளில் ஆவி பறக்கும் சுடுதண்ணீரை அள்ளி ஊற்றிக்கொள்வது சுகந்தான், மறுக்கவில்லை. அந்தச் சுகம் தோலின் கொழுப்பையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகும். முழங்கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதுமானது.

கற்றாழையை வெட்டினால் மஞ்சள் பால் வடியும். அது தோலை அரிக்கவைக்கும், ஆகவே வடியவிட்டுக் கழுவியபின் சோற்றை எடுங்கள். சோறு பெரும்பாலும் நீரே. மேலே எண்ணெய் பூசாவிட்டால் அரை மணித்தியாலத்தில் பழைய வறட்சி திரும்பிவிடும். தேனும் அப்படித்தான், ஈரத்தைப் பிடிக்கும், ஆனால் கழுவியபின் எண்ணெய் வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் வறளாது என்பது பாதி உண்மை. குடிப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் வெளியே காற்று உறிஞ்சுவதை அது தடுக்காது.

தேசிக்காயை மட்டும் முழுதாக விட்டுவிடுங்கள். அதன் புளிப்பு வெடிப்பைப் பெரிதாக்கும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கருந்தழும்பாக நிற்கும்.

குதிக்கால் வெடிப்புக்கு எங்கள் அயலிலுள்ள கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் முறையையே சொல்கிறேன். வேலை முடிந்து வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைப்பார். வழவழப்பான கல்லால் இலேசாகத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூசிப் பழைய பருத்திக் காலுறையைப் போட்டுக்கொண்டு படுப்பார். கைக்கும் அப்படியே, தேயிலைச் சாயம் ஏறிய வெடிப்புகளில் எண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொள்வார். எந்தப் புத்தகமும் வாசிக்காமலே அவருக்கு ஒழுங்கு தெரிந்திருக்கிறது: முதலில் நீர், பிறகு எண்ணெய், பிறகு மூடி.

ஆனால் வீட்டிலுள்ள உம்மும்மாவுக்கோ அப்பாவுக்கோ நீரிழிவு இருந்தால் கல்லால் தேய்க்கவே கூடாது. உணர்வு குறைந்த பாதத்தில் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம். எண்ணெய் பூசி, வெடிப்பைக் கிளினிக்கில் காட்டுங்கள். இரவில் அரிப்புக் கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது வறட்சியல்ல, சிரங்காக இருக்கலாம். எல்லோருக்கும் ஒன்றாக மருந்து வேண்டும். முழங்கை மடிப்பில் நீர் கசிவது, வெடிப்பில் சீழ் வைப்பது, வறட்சியோடு தீராத களைப்பும் குளிரும் சேருவது, இவற்றுக்கும் வைத்தியரையே நாடவேண்டும்.

இன்னொன்றைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். வறட்சியால் முகம் கறுத்துத் திட்டாகத் தெரியும்போது, பிள்ளைகள் பெயர்ச்சீட்டு ஒழுங்காக இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களை வாங்குகிறார்கள். அத்தகைய சிலவற்றில் இரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் கடுமையான ஸ்டீரொயிட்டு இருக்கும், அது தோலை மெலியச் செய்யும். முதல் மாதம் முகம் பளபளக்கும், அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். உங்கள் மகளின் மேசையில் அப்படி ஒரு டப்பா இருந்தால் ஏசவேண்டாம். ஏன் வாங்கினாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள்.

அந்த ஒன்பதாம் தர மாணவியின் கை மூன்று கிழமையில் தேறியது. இடையில் அவளுடைய உம்மா ஒரு முறை வந்து, “எண்ணெய் போத்தலைவிட்டு வருதில்ல டீச்சர்” என்றார். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும், அப்புத்தளையில் அது பெரும்பாலும் உறைந்தேதான் இருக்கும். வாய் அகன்ற பழைய ஜாம் போத்தலில் ஊற்றி வையுங்கள். விரலால் வழித்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உடனே உருகிவிடும்.