அஞ்சறைப்பெட்டிப் புத்தகம்: நம் வீட்டுக் கதையை நாமே தைப்போம்



1989ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நாம் எழுதிய நோட்டுகளுக்குக் கணக்கே இல்லை. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு என எத்தனை! யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்று கேட்டால் ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லிவிடுவோம்.

இப்போது ஒரு கேள்வி. உங்க அம்மாச்சியோட அம்மா பேர் என்ன? எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாங்க?

நம்மில் பலருக்குத் தெரியாது. அப்பா வழித் தாத்தா, பூட்டன் பேர் பழைய பத்திரத்திலாவது கிடைக்கும். பெண்கள் பேர் எழுத்தில் இருப்பது குறைவு. அது தெரிந்தவர்கள் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அதற்காகத்தான் இந்த மாதப் பாடம்.

ஏன் அஞ்சறைப்பெட்டி?

குடும்பக் கதையை எழுதுங்க என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதனால் வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வோம். ஐந்து அறை உள்ளதால் அஞ்சறைப்பெட்டி. இன்றைய எவர்சில்வர் டப்பாவில் ஏழு கிண்ணம் இருந்தாலும் பேர் அஞ்சறைதான். சமையல், மருந்து, சிறுவாட்டுப் பணம் எல்லாம் அதற்குள் இருந்தது. நம் புத்தகத்திலும் ஐந்து அறை, அதாவது ஐந்து சிறு நோட்டுகள்.

1. கடுகு: தாளிப்பில் முதலில் வெடிப்பது கடுகு. இதில் குடும்பத்தின் தொடக்கம். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பேர், ஊர், தொழில்.

2. மஞ்சள்: நல்ல காரியங்கள். கல்யாணம், வளைகாப்பு, பிள்ளை பிறந்த தேதி, வீடு கட்டிய வருடம்.

3. சீரகம்: சமையல். “ஒரு கை, கொஞ்சம் போல” என்றுதான் பெரியவங்க சொல்வாங்க. அவங்க கையால் அள்ளிப் போடச் சொல்லி, அதை டம்ளரில் அளந்து எழுதுங்கள்.

4. மிளகு: உடம்பு. கைவைத்தியத்தோடு, வீட்டில் யாருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு இருந்தது, எந்த வயதில் வந்தது என்பதும் வேண்டும். டாக்டர் கேட்கும்போது இது உதவும். கைவைத்தியம் எழுதுவது நினைவுக்காக, நோய்க்கு ஆஸ்பத்திரிதான்.

5. வெந்தயம்: கசப்பு. பஞ்சம், கடன், இழப்பு, அதிலிருந்து மீண்ட விதம். இதை மட்டும் கேட்டு அனுமதி வாங்கி எழுதுங்கள். “இது வேண்டாம்மா” என்று அவர் சொன்னால் விட்டுவிட வேண்டும்.

தேவையான பொருட்கள்

ஏ4 தாள் 10, சார்ட் அட்டை 1, பழைய பருத்திச் சேலைத் துணி, தையல் ஊசி, கெட்டி நூல், மெழுகுவர்த்தித் துண்டு, ஸ்கேல், மைதா, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் 1.

செய்முறை

1. இரண்டு தாளை ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்தால் 8 பக்க நோட்டு. இப்படி ஐந்து செய்தால் 40 பக்கம். மடிப்பின் நீளம் 21 செ.மீ. அதில் மேலிருந்து 3, 10.5, 18 செ.மீ. இடங்களில் ஊசியால் துளையிடுங்கள்.

2. தைக்கும் முன்பே எழுதி முடியுங்கள். பிழை வந்தால் தாளை மாற்றலாம். தண்ணீர் பட்டால் கரையும் மை வேண்டாம். பால்பாயிண்ட் பேனா நல்லது.

3. ஒரு டம்ளர் தண்ணீரில் 3 ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிப் பசை காய்ச்சுங்கள். பூச்சி வராமலிருக்க பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

4. சார்ட்டை 33க்கு 22 செ.மீ. அளவில் வெட்டி, மேலே துணி ஒட்டிக் காயவிடுங்கள். இரு ஓரத்திலிருந்தும் 15 செ.மீ. விட்டு மடித்தால் நடுவில் 3 செ.மீ. முதுகு கிடைக்கும். முதுகில் அரை செ.மீ. இடைவெளியில் ஐந்து கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் மேலிருந்து 3.5, 11, 18.5 செ.மீ. இடங்களில் துளை.

5. ஒரு கோட்டுக்கு ஒரு நோட்டு. நூலை மெழுகில் தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இரண்டு நுனியும் நீள நூலின் இருபக்கம் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள்.

6. பின் அட்டையின் உள்பக்கம் பத்திரிகைக் கவரை ஒட்டுங்கள். இதுதான் சிறுவாட்டுப் பை. பழைய போட்டோ, கடிதம் இதில் இருக்கட்டும்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியைக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அஞ்சறைப்பெட்டிச் சாமானே புத்தகத்துக்குக் காவல்! நாமும் ஒரு சின்ன முடிச்சு வைக்கலாம்.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

சொல்லத் தெரிந்தால் போதும். அவர் சொல்ல, மகளோ பேத்தியோ எழுதட்டும். செல்போனில் குரலைப் பதிவு செய்து பிறகு எழுதலாம். பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம். “வாக்கப்பட்டு வந்தேன்” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். கடைசியில் சொன்னவர் பேர், எழுதியவர் பேர், தேதி மூன்றும் அவசியம். தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவது போல, சொன்னவரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். முதல் முறையாகக் கடன் பத்திரம் இல்லாத ஒன்றில் அவர் ரேகை வைப்பதாகவும் இருக்கலாம்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு அம்மா வழியில் மூன்று தலைமுறைப் பெண்களின் பேர் தெரியும்?
2. நம் ஊரில் உடனே போய்க் கேட்க வேண்டிய மூத்தவர் யார்? யார் போவது?
3. புத்தகம் மகனுக்கா, மகளுக்கா? இரண்டு பிரதி செய்தால் என்ன?

அடுத்த கூட்டத்துக்குள் கடுகு நோட்டு மட்டுமாவது எழுதிக் கொண்டு வாருங்கள். ஊக்குநர், பிரதிநிதி இருவரும் முதலில் தங்கள் வீட்டில் தொடங்கினால் மற்றவர்களும் தொடங்குவார்கள்.