ஆயி மண்டபம்: நீர் காத்த பெயர்

நாகர்கோவிலின் நடுவே நிற்கும் மணிமேடையை அறியாதார் இம்மாவட்டத்தில் இலர். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் வருகையை நினைவுகூர எழுப்பப்பெற்று, 1893ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது அது. ஆயினும் பேருந்து நடத்துநர் முதல் பள்ளிச் சிறார் வரை எவரும் அதனை மன்னர் பெயரால் சுட்டுவதில்லை. எழுப்புவோர் கருதிய பெயர் ஒன்று, மக்கள் நாவில் நிலைத்த பெயர் வேறொன்று என்பது நினைவுச் சின்னங்கள் பலவற்றுக்கும் நேர்வதே. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் 1864இல் அமைந்த நீரூற்று, ஆளுநர் பார்ட்டில் ஃபிரேயரின் பெயரைத் தாங்க இருந்தது; திறக்கப்படுமுன்னரே உரோமரின் மலர்த்தெய்வமான ஃபுளோராவின் பெயரைப் பெற்றுவிட்டது.

தமிழ் வழங்கும் நிலத்தில் இதற்குத் தக்க சான்று, புதுச்சேரியின் நடுவே பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் ஆகும். கடலோர நகராதலின் அங்கு நன்னீர் அரிதாயிருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852-1870), நகருக்கு மேற்கேயுள்ள முத்திரைப்பாளையத்திலிருந்து நீர் கொணரப்பெற்றது. அதன் நினைவாகவே கிரேக்க, உரோமக் கட்டடப் பாணியில் இவ்வெண்ணிற மண்டபம் எழுந்தது. இப்பணியோடு தொடர்புபடுத்தப்பெறும் பொறியாளர் இலமெரெஸ், தென்னிந்திய மக்கட்பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவர் என்பது தமிழ் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

பேரரசின் சாதனையைப் பறைசாற்ற எழுந்த மண்டபம் கணிகை ஒருத்தியின் பெயரைப் பெற்றது எங்ஙனம்? கர்ணபரம்பரைக் கதையொன்று இதற்கு விடை கூறுகிறது. கிருட்டிணதேவராயர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளியில் பொலிந்த மாளிகையொன்றைக் கோயிலெனக் கருதித் தொழுதாராம். அது கணிகையின் இல்லம் என அறிந்ததும் சினந்து, அதனை இடிக்க ஆணையிட்டாராம். ஆயி என்னும் அப்பெண், தானே அதனை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்ட இசைவு பெற்றாள். பின்னாளில் நகருக்கு நீர் தந்தது அக்குளமே என்பர்.

இராயர் ஆட்சிக்கும் (1509-1529) நெப்போலியன் ஆட்சிக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனவே இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. மன்னனின் சினத்தையும் ஊராரின் இகழ்ச்சியையும் ஒருத்தி நீராக மாற்றினாள் என்று மக்கள் நம்ப விரும்பினரே, அவ்விருப்பம் மெய்யானது. கணிகையர் குலத்து மாதவியின் மகளான மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்த தமிழ் மரபுக்கு இஃது அயலன்று.

நீர்க்கொடையால் நிலைத்த பெண் பெயர்களை இசுலாமிய வரலாறும் நன்கறியும். அப்பாசியக் கலீபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் சுபைதா, மக்காவுக்கு நீர் கொணர வெட்டுவித்த கால்வாய் 'ஐனு சுபைதா' என்றே வழங்கலாயிற்று. மறைந்த தம் அன்னைக்காகச் செய்யத்தக்க சிறந்த தருமம் யாதென ஸஅது இப்னு உபாதா (ரலி) வினவியபோது, தண்ணீர் எனப் பெருமானார் (ஸல்) விடையளித்ததும், அவர் கிணறு வெட்டி அதனை 'உம்மு ஸஅது'க்கு உரியதென அறிவித்ததும் ஹதீஸ் நூல்களால் அறியலாகும்.

ஈண்டு ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. 'உம்மு ஸஅது' என்பது ஸஅதின் தாய் எனப் பொருள்படும். 'ஆயி' என்பதும் தாயைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே. அவளுக்கெனப் பெற்றோர் இட்ட பெயர் வேறொன்று இருந்திருக்கலாம். ஊர் அதனைக் கருதவில்லை. நீர் தந்தவளைத் தாய் என்றது.

1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டகன்றது. பேரரசருக்காக எழுந்த அம்மண்டபத்தின் வடிவமே இன்று புதுச்சேரி அரசின் இலச்சினையில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை ஆயி மண்டபம் என்றே அழைக்கின்றனர்.