ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு

மாலை மணி ஐந்து. ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையிலிருந்து எல்லாரும் எழுந்து போய்விட்டனர். நாற்காலிகள் கலைந்து கிடக்கின்றன. தலைக்கு மேலே எட்டுக் குழல் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. இரவுக் காவலாளி சுற்றி வரும்போதுதான் அவை அணையும். குற்றம் யாருடையது? வெளியேறிய ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் இன்னொருவர் வருவதாக எண்ணிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் ஹண்ட் என்ற ஆய்வாளர், அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் மக்கள் விளக்குகளைக் கையாளும் விதத்தை ஆராய்ந்து 1979-இல் முடிவுகளை வெளியிட்டார். உள்ளே நுழையும்போது வெளிச்சம் போதவில்லையென்றால் விளக்கைப் போடுகிறார்கள். பிறகு ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம் வந்தாலும் அணைப்பதில்லை; அறை முழுவதும் காலியாகும் வரை விளக்கு எரிகிறது. காரணம் எளிது. இருட்டு நமக்கு இடைஞ்சல் செய்கிறது; எனவே கை ஸ்விட்சைத் தேடுகிறது. வெளிச்சம் யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லையே!

அப்படியானால் போடும் வேலையை மனிதனிடமே விட்டுவிட்டு, அணைக்கும் வேலையை மட்டும் ஒரு கருவியிடம் ஒப்படைத்தால் என்ன? அறையில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதை அந்தக் கருவி அறிய வேண்டும். எப்படி அறியும்?

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். வெப்பமுள்ள பொருள்கள் எல்லாம் கதிர்களை வீசுகின்றன. நம் உடல் வீசும் கதிர்கள் 9 முதல் 10 மைக்ரான் அலைநீளத்தில் மிகுதியாக உள்ளன. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். ஆகவே நாம் ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள்!

இந்தக் கதிரை உணரும் வித்தையின் கதை நமக்கு அருகிலிருந்தே தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்ற கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான். சூடாக்கினால் அது சாம்பலை இழுத்தது. வெப்பநிலை மாறும்போது படிகத்தின் ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் தோன்றுவதே காரணம். 1824-இல் டேவிட் புரூஸ்டர் இதற்குப் பைரோ மின்சாரம் என்று பெயரிட்டார். இன்றைய உணர்கருவிகளில் டூர்மலினுக்குப் பதிலாக, லித்தியம் டாண்டலேட் போன்ற வேறு பொருள்கள் பயன்படுகின்றன. தத்துவம் அதேதான்.

கூரையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிண்ணம் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கால் ஆன வில்லைகளின் தொகுப்பு. கண்ணாடி உதவாது, 10 மைக்ரான் கதிரை அது விடாது. இந்த வில்லைகள் அறையைப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. உள்ளே இரண்டு உணர்பட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் சூடேறினால் இரண்டும் சமமாகச் சூடேறி, அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆள் நடந்தால் முதலில் ஒரு பட்டையும் பிறகு மற்றதும் சூடேறும்; அப்போது மின்துடிப்பு பிறக்கிறது. துடிப்பு வந்தால் ஆள் உண்டு.

ஆக, இது ஆளைப் பார்ப்பதில்லை, அசைவைத்தான் பார்க்கிறது. ஓர் அலுவலகத்தின் கழிப்பறையில் திடீரென்று இருட்டாகி, கையை வீசி வீசி விளக்கை வரவழைத்த அனுபவம் எனக்கு உண்டு! அசையாமல் படிப்பவருக்கும் இதே கதிதான். கோடையில் சுவரும் தரையும் உடலளவு சூடேறிவிட்டால் வேறுபாடு குறைந்து உணர்கருவி மந்தமாகும். இரும்பு அலமாரிக்குப் பின்னால் நிற்பவரும் அதற்குத் தெரியமாட்டார். கேளா ஒலியை அனுப்பி எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கவனிக்கும் வேறு வகை, தடுப்புக்கு அப்பால் உள்ளவரையும் உணரும். ஆனால் சுழலும் மின்விசிறியை ஆள் என்று நம்பிவிடக்கூடும்.

இதனால்தான் கடைசி அசைவுக்குப் பின் சிறிது நேரம் பொறுத்தே விளக்கு அணையும்படி அமைக்கிறார்கள். எவ்வளவு நேரம்? பழைய குழல் விளக்குகளுக்கு அடிக்கடி போட்டு அணைப்பது ஆகாது. ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் மின்முனையின் பூச்சு சிறிது தேய்ந்து ஆயுள் குறையும். எல்.இ.டி. விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 5 அல்லது 10 நிமிடம் போதும். மாறாக 15 நிமிடம் என்று வைத்து, கழிப்பறைக்கு 10 நிமிடத்துக்கு ஒருவர் வந்தால், விளக்கு நாள் முழுவதும் அணையவே அணையாது. வாங்கிய கருவி அலங்காரம்தான்.

கூட்ட அறைக்குத் திரும்புவோம். 20 வாட் எல்.இ.டி. குழல்கள் எட்டு, மொத்தம் 160 வாட். காலை 9 முதல் மாலை 6 வரை எரிந்தால் 1.44 யூனிட். உண்மையில் தலா ஒரு மணி நேரமாக மூன்று கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடக் காத்திருப்பைச் சேர்த்தால் மூன்றரை மணி நேரம், 0.56 யூனிட். மிச்சம் 0.88 யூனிட். ஆண்டுக்கு 250 வேலை நாள்களில் 220 யூனிட். கருவி அரை வாட் எடுத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் அது தின்பது நாலரை யூனிட்டுக்கும் குறைவே. இதையே சோக்கையும் சேர்த்து 50 வாட் எடுத்த பழைய குழல்களுக்குக் கணக்கிட்டால் மிச்சம் 550 யூனிட். விளக்கு சிக்கனமாக ஆக ஆக, உணர்கருவியின் லாபம் சுருங்குகிறது. ஒரே ஒரு 9 வாட் பல்பு உள்ள சிறு அறைக்கு இதை வாங்குவது வீண் என்பேன்.

ஆனால் அதே கூட்ட அறையில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு இருக்கட்டும். ஆளில்லாத ஐந்தரை மணி நேரத்தில் அவை வீணாக்குவது 1.65 யூனிட், விளக்குகள் வீணாக்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! உணர்கருவியோடு விசிறியையும் இணைப்பதே நம் ஊருக்கு ஏற்ற வழி.

இந்தியாவில் 2007-இல் வெளியான ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் கூட்ட அறை, சேமிப்பறை முதலியவற்றுக்கு உணர்கருவி வேண்டும் என்றது. பள்ளி வகுப்பறையும் அந்தப் பட்டியலில் உண்டு.

உங்கள் வகுப்பறை எப்படி? ஒரு வாரம் ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் மூன்றை மட்டும் குறியுங்கள்: ஆள் உண்டா, எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை விசிறி சுழல்கிறது. விளையாட்டு வகுப்பையும் உணவு இடைவேளையையும் விட்டுவிடாதீர்கள். வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.